கெகிகா: வளர்ந்தவர்களுக்காக வரையப்பட்ட இருட்டு

காமிக்ஸ் என்றாலே அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. பத்து வயதில் படிக்கலாம், பதினைந்தில் ஒளித்து வைத்துப் படிக்கலாம், இருபது வயதிலும் கையில் இருந்தால் வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்! இந்த எண்ணத்தை முதலில் உடைத்தவர்கள் பெரிய இலக்கியவாதிகளோ ஓவியக் கல்லூரிப் பேராசிரியர்களோ அல்ல. 1950களில் ஜப்பானின் ஒசாகா நகரில், வாடகைப் புத்தகக் கடைகளுக்காக மலிவுத் தாளில் படக்கதை வரைந்து பிழைத்த சில இளைஞர்கள். அவர்களில் பலருக்கு அப்போது இருபது வயதுதான் ஆகியிருந்தது. தாங்கள் வரைவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கெகிகா'.

ஜப்பானில் படக்கதைக்குப் பொதுப்பெயர் 'மாங்கா'. அந்தச் சொல்லுக்கு விளையாட்டுச் சித்திரம், மனம்போன போக்கில் வரைந்த படம் என்று பொருள் கொள்ளலாம். 'கெகிகா' என்றால் நாடகச் சித்திரம். 'கெகி' என்ற எழுத்துக்கு நாடகம் என்பதோடு தீவிரம், கடுமை என்ற சாயலும் உண்டு. ஆக, பெயரிலேயே ஒரு சண்டை இருக்கிறது. நாங்கள் வரைவது விளையாட்டு இல்லை என்று சொல்லத்தான் அந்தப் பெயர்.

யாரோடு சண்டை? அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. போருக்குப் பிந்தைய ஜப்பானியப் படக்கதையின் பிதாமகர் ஒசாமு தெசுகா. 1947ல் வெளிவந்த அவருடைய 'புதிய புதையல் தீவு' லட்சக்கணக்கில் விற்றது. சினிமா கேமரா நகர்வதைப் போலக் கட்டங்களை நகர்த்தும் வித்தையை ஒரு தலைமுறை முழுவதும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டது. 1935ல் ஒசாகாவில் பிறந்த யோஷிஹிரோ தட்சுமியும் அப்படிக் கற்றுக்கொண்ட சிறுவர்களில் ஒருவர். பள்ளிக்கூட நாட்களிலேயே பத்திரிகைப் போட்டிகளுக்குத் தபால் அட்டையில் நகைச்சுவைப் படம் வரைந்து அனுப்பிப் பரிசு வாங்கியவர். தெசுகாவை நேரில் சந்தித்து, தான் வரைந்ததைக் காட்டி அறிவுரை கேட்கும் அதிர்ஷ்டமும் அவருக்குக் கிடைத்தது. பிறகு இந்தப் பக்தர்தான், தெசுகா பாணிக்கு எதிர்ப்பக்கம் என்று உலகம் சொல்லும் ஒரு பாணிக்குப் பெயர் வைத்தார்.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள வாடகைப் புத்தகக் கடைகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நம்மூர் லெண்டிங் லைப்ரரி போன்றவைதான். போரில் நொடித்துப்போன நாட்டில் புத்தகம் வாங்கக் காசில்லை. ஆனால் சில்லறையைக் கொடுத்து ஒரு புத்தகத்தை எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாம். இந்தக் கடைகள் ஜப்பான் முழுக்க ஆயிரக்கணக்கில் முளைத்தன. தெருமுனைக் கடை, மிட்டாய்க் கடையின் ஒரு மூலை என்று கிடைத்த இடத்திலெல்லாம் இருந்தன. இவற்றுக்கென்றே தனிப் பதிப்பகங்கள் உருவாயின. டோக்கியோவின் பெரிய பத்திரிகைகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. பணம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஆனால் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. எதை வரைந்தாலும் கேட்க ஆளில்லை!

படித்தவர்கள் யார் என்பதும் முக்கியம். பள்ளிப்பிள்ளைகள் ஒருபக்கம். இன்னொரு பக்கம் பதினைந்து பதினாறு வயதிலேயே படிப்பை முடித்துச் சிறிய தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் கிராமத்துப் பிள்ளைகளை மொத்தமாக நகரத்து வேலைக்கு ஏற்றிச் செல்லத் தனி ரயில்களே ஓடின. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லாடிவிட்டு அறைக்குத் திரும்பும் பதினெட்டு வயதுப் பையனுக்குப் பேசும் முயலும் விண்வெளி ரோபோவும் எதற்கு? அவன் சிறுவனும் இல்லை, நாவல் படிக்கும் 'பெரிய மனிதனும்' இல்லை. அந்த இடைவெளியில்தான் கெகிகா பிறந்தது.

1956ல் ஒசாகாவின் ஹினோமாரு பதிப்பகம் 'காகே' (நிழல்) என்ற துப்பறியும் கதைத் தொகுப்பைத் தொடங்கியது. தட்சுமி, மசாஹிகோ மட்சுமோட்டோ, டகாவோ சைட்டோ ஆகியோர் அதில் எழுதினார்கள். அந்தக் கோடையில் பதிப்பகம் இவர்களை ஒரே அடுக்ககத்தில் தங்கவைத்து வரையச் சொன்னது. வேலை நடந்ததோ இல்லையோ, பேச்சு நிறைய நடந்தது. சினிமா, அமெரிக்கத் துப்பறியும் நாவல்கள், ஒரு கதவு திறப்பதை எத்தனை கட்டங்களில் காட்டலாம் என்பதெல்லாம் விவாதம். மட்சுமோட்டோ தன்னுடையதைக் 'கோமாகா' (கட்டச் சித்திரம்) என்று அழைத்துக்கொண்டார். அவர்தான் முன்னோடி என்று தட்சுமியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதே ஆண்டு தட்சுமி வரைந்த 'கரும் பனிப்புயல்' இந்தப் பாணி எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். இருபதே நாட்களில் முடித்த, நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கதை. ஒரே விலங்கில் பூட்டப்பட்ட இரண்டு கைதிகள் ரயிலில் கொண்டுசெல்லப்படுகிறார்கள். ஒருவன் பழைய குற்றவாளி, மற்றவன் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இளம் பியானோ கலைஞன். ரயில் விபத்துக்குள்ளாக, இருவரும் பனியில் தப்பி ஓடுகிறார்கள். கை பிரிய வேண்டுமானால் யாராவது ஒருவர் கையை இழக்க வேண்டும். பியானோ வாசிப்பவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? கதை என்னவோ மசாலாதான், முடிவில் தற்செயல்களும் கொஞ்சம் அதிகம். ஆனால் வரைந்த விதம்தான் விஷயம். பக்கம் முழுக்கச் சாய்வாகக் கிழித்துக்கொண்டு போகும் பனிக்கோடுகள், வசனமே இல்லாத கட்டங்கள், வேகமாக இழுத்த தூரிகைத் தடங்கள். இன்று பார்த்தாலும் அவசரத்தில் வரைந்தது தெரியும். அந்த அவசரமே கதைக்குக் குளிரையும் மூச்சிரைப்பையும் தந்துவிடுகிறது.

1957ல் 'பேய் டாக்ஸி' என்ற கதையின் தலைப்போடு 'கெகிகா' என்ற சொல்லை தட்சுமி முதன்முதலாக அச்சில் பயன்படுத்தினார். இரண்டு ஆண்டு கழித்து, 1959ல், எட்டுப் பேர் சேர்ந்து 'கெகிகா பட்டறை' என்ற குழுவைத் தொடங்கினார்கள். இதற்குள் பலர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் தபாலில் ஒரு அறிக்கை அனுப்பினார்கள். குழந்தைகளுக்கு மாங்கா இருக்கிறது, குழந்தைப்பருவம் தாண்டியும் முழுதாக வளராத வயதுக்காரர்களுக்கு எதுவும் இல்லை, நாங்கள் அவர்களுக்காக வரைகிறோம் என்பது சாரம்.

இந்த அறிக்கையை வெறும் இளமைத் துடுக்கு என்று ஒதுக்க முடியாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1955 வாக்கில், பெற்றோர் சங்கங்களும் தாய்மார் அமைப்புகளும் 'கெட்ட புத்தகங்களை விரட்டுவோம்' என்று ஜப்பான் முழுக்க இயக்கம் நடத்தியிருந்தன. தெசுகாவின் புத்தகங்களே அந்த வலையில் சிக்கின என்றால் வாடகைக் கடைக் கொலைக்கதைகளின் கதி என்ன? பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று ஒரு தாய் சொன்னால், இது பிள்ளைகளுக்கே இல்லையம்மா என்று பதில் சொல்ல ஒரு தனிப்பெயர் வேண்டியிருந்தது. பிழைப்பும் அதில்தான் இருந்தது. அமெரிக்காவில் 1954ல் இதே மாதிரி எதிர்ப்பு வந்தபோது அங்குள்ள பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கைக் குறியீட்டை ஏற்படுத்தி, வளர்ந்தவர்களுக்கான திகில், குற்றக் கதைகளைக் கிட்டத்தட்டக் கொன்றேவிட்டார்கள். ஜப்பானில் எட்டு இளைஞர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள்.

பட்டறை ஒரு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. யார் எங்கே எழுதுவது, பணம், தலைமை என்று வழக்கமான சண்டைகள். 1960ல் கலைந்தது. ஆனால் பெயர் பிழைத்துக்கொண்டது. வாடகைக் கடைகளும் அதிக நாள் நிற்கவில்லை. 1959 மார்ச்சில் 'ஷோனென் மேகஸின்', 'ஷோனென் சண்டே' என்ற இரண்டு வாரப் பத்திரிகைகள் ஒரே நாளில் வெளிவந்தன. தொலைக்காட்சியும் பரவியது. வாரம் ஒருமுறை சொந்தமாகவே பத்திரிகை வாங்க மக்களிடம் காசு சேர்ந்ததும் வாடகைக்கு யார் போவார்கள்?

இந்தச் சரிவுக்கு நடுவே வாடகை உலகம் தந்த மிகப் பெரிய படைப்பு ஸான்பெய் ஷிராட்டோவின் 'நிஞ்ஜா புகெய்ச்சோ' (1959 முதல் 1962 வரை). ஷிராட்டோவின் தந்தை டோகி ஒகமோட்டோ இடதுசாரி ஓவியர். அந்தச் சூழலில் வளர்ந்த மகன் நிஞ்ஜா கதை எழுதினால் அது வெறும் வாள்வீச்சாக இருக்குமா? பதினாறாம் நூற்றாண்டு விவசாயிகளின் கிளர்ச்சிதான் கதை. கை கால்கள் பறக்கும், தலைவர்கள் வெட்டப்படுவார்கள், மறுபடி கூட்டம் எழும். இயக்குநர் நாகிசா ஒஷிமா 1967ல் இதைப் படமாக எடுத்தபோது நடிகர்களை வைத்து எடுக்கவில்லை. ஷிராட்டோ வரைந்த கட்டங்களையே கேமராவால் படம்பிடித்து, குரலும் இசையும் சேர்த்து வெளியிட்டார்! சித்திரத்திலேயே அவ்வளவு அசைவு இருந்தது.

ஷிராட்டோவின் அடுத்த பெருங்கதை 'காமுய்'. சாதி அடுக்கில் அடிமட்டத்தில், தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவன் நிஞ்ஜா ஆகி, பின் அந்தக் கூட்டத்திலிருந்தும் ஓடுகிறான். இதை வெளியிடுவதற்காகவே கட்சுய்ச்சி நாகாய் என்ற பதிப்பாளர் 1964ல் ஒரு மாத இதழ் தொடங்கினார். அதுதான் 'காரோ'. நாகாய் காசநோயோடு போராடியவர், பலமுறை தொழிலில் விழுந்து எழுந்தவர். தனக்குப் பிடித்திருந்தால் போதும், விற்குமா என்று யோசிக்காமல் போடுவார். 1960களின் பிற்பகுதியில் மாணவர் போராட்டங்கள் கொதித்தபோது பல்கலைக்கழக மாணவர்கள் காரோவைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். படக்கதை கையில் இருப்பது வெட்கம் என்ற நிலை போய், இல்லாவிட்டால்தான் வெட்கம் என்ற நிலை. பிற்காலத்தில் காரோவால் எழுதுபவர்களுக்குச் சன்மானம் கொடுக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் வரைந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இதழ் 2002 வரை வந்தது.

காரோ வளர்த்த பாணிக்கு உச்சம் யோஷிஹாரு சுகே. 1937ல் பிறந்தவர், சிறு வயதிலேயே உலோக முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்தவர், மனிதர்களைக் கண்டால் முகம் சிவந்து ஒடுங்கிவிடும் சுபாவம். அந்தச் சுபாவத்துக்கு வீட்டில் உட்கார்ந்து வரைவதே ஏற்ற தொழில் என்றுதான் இதற்கு வந்தார். வருமானம் இல்லாத காலத்தில் ஷிகெரு மிசுகிக்கு உதவியாளராக இருந்தார். (மிசுகி போரில் ரபாவுலில் இடது கையை இழந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கையால் வரைந்து புகழ்பெற்றவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

சுகேயின் 1966ம் ஆண்டுக் கதை ஒன்றில் ஒரு ஏழைப் படக்கதைக்காரனும், பாரில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் அவன் மனைவியும் 'சீக்கோ' என்ற சின்னக் குருவியை வளர்க்கிறார்கள். ஒருநாள் அவன் விளையாட்டாகச் செய்த காரியத்தில் குருவி செத்துவிடுகிறது. அவளிடம் பறந்துவிட்டது என்று பொய் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஆனால் அந்த வீட்டின் வறுமையும், மனைவியின் சம்பளத்தில் வாழும் ஆணின் கூச்சமும், இருவருக்கும் நடுவே வளரும் சந்தேகமும் எல்லாம் அந்தக் குருவிக்குள் அடங்கிவிடுகிறது. படக்கதையில் இப்படியும் எழுதலாமா என்று அன்றைய வாசகர்கள் திகைத்திருக்க வேண்டும்.

1968ல் வந்த 'நெஜிஷிகி' (திருகாணி முறை) இன்னும் விசித்திரம். கடலில் ஜெல்லி மீன் கடித்து நரம்பு அறுந்த கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன் மருத்துவரைத் தேடி ஒரு மீனவ ஊருக்குள் அலைகிறான். தெருவெல்லாம் மருத்துவமனைப் பலகைகள். அத்தனையும் கண் மருத்துவமனை! கடைசியில் ஒரு பெண் மகப்பேறு மருத்துவர் அவன் நரம்பில் ஒரு திருகாணிக் குழாயைப் பொருத்துகிறார். திருகாணியை முறுக்கினால் கை மரத்துப்போகும். இதற்கு அர்த்தம் சொல்லி ஜப்பானில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அர்த்தத்தைவிட அந்த மனநிலைதான் கதை. வானம் கறுத்த கடற்கரை, நெருக்கமாகக் கோடிழுத்த நிழல்கள், உணர்ச்சியே இல்லாத முகம், கனவில் மட்டுமே வரக்கூடிய வகையில் தெளிவாகத் தெரியும் சுவரும் பலகையும். கனவை மங்கலாக வரைவதுதான் வழக்கம். சுகே அதைக் கூர்மையாக வரைந்தார்.

தட்சுமியின் மனநிலை வேறு. அவர் கதைகள் கனவில் இல்லை, மாநகரத்தின் அடிவயிற்றில் நடப்பவை. 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ், அதே ஆண்டு புல்லட் ரயில் என்று நாடே முன்னேற்றத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. தட்சுமி 1960களின் இறுதியில் எடுத்துக்கொண்ட ஆட்கள் சாக்கடை சுத்தம் செய்பவன், தொழிற்சாலைக் கூலி, ரயில் பெட்டிக்குள் கூட்டத்தை முதுகில் கைவைத்துத் தள்ளும் ரயில்நிலையப் பணியாள். பல கதைகள் எட்டே பக்கம். செய்தித்தாளில் மூலையில் வரும் துண்டுச் செய்திகளிலிருந்து கரு எடுப்பார். கதாநாயகன் பெரும்பாலும் பேசமாட்டான். கதைக்குக் கதை பெயர் மாறும், முகம் ஏறக்குறைய ஒன்றேதான். இதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் தொடர்ந்து பத்துக் கதை படித்தால் அந்த ஒரே முகம் வேறு ஒன்றைச் சொல்லத் தொடங்கும். ரயில்நிலையத்தில் எதிரே வரும் ஆயிரம் பேருக்கும் அதே முகம்தான்.

அவர் கதைகளில் மனதை விட்டு அகலாதது 1971ல் வந்த 'நரகம்'. குண்டு விழுந்த ஹிரோஷிமாவில் ஒரு ராணுவப் புகைப்படக்காரன், சுவரில் பதிந்த இரண்டு மனித நிழல்களைப் படமெடுக்கிறான். தாயின் தோளைப் பிடித்துவிடும் மகன், அந்தக் கணத்திலேயே எரிந்துபோனது போன்ற நிழல். ஆண்டுகள் கழித்து அந்தப் படம் வெளியாகி உலகையே உலுக்குகிறது. தாய்ப்பாசத்தின் சின்னம், அணுகுண்டு எதிர்ப்பின் சின்னம், நினைவுச்சின்னமும் எழுப்புகிறார்கள். பிறகு ஒருவன் வந்து நிற்கிறான். அந்த மகன்தான்! நிழலில் இருப்பது அவன் இல்லை. தாயைக் கொல்ல அவன் ஏவிய நண்பன், கழுத்தில் கைவைத்த கணத்தில் குண்டு விழுந்திருக்கிறது. ஹிரோஷிமா போன்ற புண்ணை வைத்து இப்படி ஒரு கதை எழுதத் துணிச்சல் வேண்டும். அணுகுண்டின் கொடுமையை இந்தக் கதை குறைக்கவில்லை. செத்தவர்களைப் புனிதர்களாக்கித்தான் அவர்களுக்காக அழ முடியும் என்ற நம் சௌகரியத்தைத்தான் அது குத்துகிறது.

இதற்குள் 'கெகிகா' என்ற சொல் தட்சுமியின் கைவிட்டுப் போயிருந்தது. பழைய கூட்டாளி டகாவோ சைட்டோ, எழுத்தாளர், வரைவாளர், பின்னணி போடுபவர் என்று சினிமா கம்பெனி போல ஆட்களைப் பிரித்து வைத்து நிறுவனமே நடத்தினார். 1968ல் தொடங்கிய அவருடைய கூலிக் கொலையாளிக் கதை 'கோல்கோ 13', 2021ல் அவர் இறந்த பிறகும் அவர் விருப்பப்படியே குழுவினரால் தொடர்கிறது. இன்னொரு பக்கம் 1970களில் ஆபாசப் பத்திரிகைகள் எல்லாம் தங்கள் சரக்குக்குக் கெகிகா என்றே பெயர் வைத்துக்கொண்டன. 'வளர்ந்தவர்களுக்கான படக்கதை' என்ற சொற்றொடருக்கு உலகெங்கும் நேரும் அதே கதிதான். ஒருபக்கம் துப்பாக்கி, மறுபக்கம் படுக்கை. தான் சொன்னது இதையல்லவே என்று தட்சுமிக்குக் கசப்பு இருந்தது.

மறுமுனையில் தெசுகா சும்மா இருக்கவில்லை. தன் உதவியாளர்களே வாடகைக் கடைக் கெகிகாவில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து மனம் நொந்தவர், கடைசியில் அந்தப் பாணியையே தன் வழியில் செரித்துக்கொண்டார். 1967ல் காரோவுக்குப் போட்டியாக 'காம்' என்ற இதழைத் தொடங்கினார். 1970ல் தொடங்கிய 'கிரிஹிட்டோ', பின்னாளில் ஹிட்லர் காலத்தை வைத்து எழுதிய 'அடால்ஃப்' எல்லாம் வளர்ந்தவர்களுக்கானவை. எதிராளியிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

சுகே 1985ல் 'திறமையற்றவன்' என்ற தொடரை வரைந்தார். படக்கதை வரைந்து அலுத்த ஒருவன் ஆற்றங்கரையில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி, அதே ஆற்றங்கரையில் கடை போட்டு விற்கப் பார்க்கிறான். ஒன்றும் விற்கவில்லை. இப்படிச் சிரிக்கவும் அழவும் ஒரேசமயத்தில் வைக்கும் கதை குறைவு. 1987க்குப் பிறகு அவர் வரைவதையே நிறுத்திவிட்டார்.

தட்சுமி டோக்கியோவின் புத்தகக் கடை வீதியான ஜிம்போச்சோவில் பழைய படக்கதைப் புத்தகக் கடை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். 1990களின் நடுவில் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள், ஒரு பழைய புத்தக நிறுவனத்தின் விற்பனைப் பட்டியல் இதழில், தன் சுயசரிதையை எண்ணூறு பக்கத்துக்கும் மேலாக வரைந்தார். வாடகைக் கடைகள், நோயாளி அண்ணனுடன் பொறாமையும் பாசமும் கலந்த போட்டி, ஒசாகா அடுக்ககம், பட்டறையின் சண்டைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கதை 1960ல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் திரண்ட கூட்டத்துக்குள் அவர் அகப்பட்டுக்கொள்வதோடு நிற்கிறது. பிறகு ஒரு சின்னப் பின்னுரை: 1995, தெசுகாவின் ஏழாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சி.

2008ல் இது ஜப்பானில் புத்தகமாக வந்தது, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் 'எ டிரிஃப்டிங் லைஃப்' என்ற பெயரில் வந்தது. சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ அதையும் 'நரகம்' உள்ளிட்ட ஐந்து சிறுகதைகளையும் சேர்த்து 2011ல் 'தட்சுமி' என்ற அனிமேஷன் படமாக எடுத்தார். 2015 மார்ச்சில் தட்சுமி இறந்தார். அந்தச் சுயசரிதைக்கு 2009ல் ஜப்பானில் படக்கதைக்கான பெரிய விருது கிடைத்திருந்தது. விருதின் பெயர் ஒசாமு தெசுகா கலாச்சாரப் பரிசு.